பழையபேட்டைத் தொட்டியில் பரவிய மென்பவளங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீள உப்புநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. சென்ற சனவரியில் தர்மபுரியிலிருந்து போய் அதைப் பார்த்தபோது, முதல் பார்வைக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பாறை முழுவதும் வெளிர்சாம்பல் நிறத்தில் ஜீனியா என்ற மென்பவளம் அடர்ந்திருந்தது; அதன் கைகள் குழந்தை உள்ளங்கையை விரித்து மூடுவது போல ஓயாமல் விரிந்து மூடிக்கொண்டிருந்தன. பின்பக்கக் கண்ணாடியில் ஒன்றரை அடி உயரத்துக்குப் பச்சைப் புல்வெளி போல் ஜிஎஸ்பி (கிரீன் ஸ்டார் பாலிப்) என்ற இன்னொரு மென்பவளம் ஏறியிருந்தது. பக்கத்தில் நின்ற நண்பர் மட்டும் சலிப்போடு, “பாக்க நல்லாத்தான் இருக்குதுண்ணா, ஆனா இது ரெண்டத் தவிர வேற எதையும் வாழ விடமாட்டேங்குது” என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்பது சற்றுக் குனிந்து பார்த்ததும் புரிந்தது. வலப்பக்கப் பாறை உச்சியில் இருந்த லெதர் பவளம் பாலிப்புகளை (பூப்போன்ற சிறு வாய்களை) வெளியே நீட்டாமல் மெழுகு பூசியது போல் சுருங்கிக் கிடந்தது. அதன் காம்பைச் சுற்றி ஜீனியா நெருங்கி வந்து, காற்றில் ஆடும் சோளக்கதிர் போல மீண்டும் மீண்டும் உரசிக்கொண்டிருந்தது. நீல மஷ்ரூம்கள் (காளான் வடிவப் பவள உறவுகள்) இருந்த குழியில் இப்போது ஜிஎஸ்பியின் ஊதாப் படலம்தான் இருந்தது. இந்தத் தொட்டியில் அடுத்த பதினொரு மாதங்களில் என்ன செய்தோம், எது பலித்தது, எது வீணாயிற்று என்பதை வரிசைப்படி இங்கே பதிவு செய்கிறேன்.

தொட்டியும் அதன் வரலாறும்

தொட்டியின் அளவு 120 × 60 × 50 செ.மீ. கீழே உள்ள சம்ப் என்ற வடிகட்டும் தொட்டியையும் சேர்த்து, பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக, ஏறத்தாழ 330 லிட்டர் நீர் சுழல்கிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், ஐந்து கார்டினல், ஒரு பிளென்னி ஆகியவை மீன்கள். சுண்ணாம்பு எலும்புக்கூடு கொண்ட கடினப் பவளம் எதுவும் இல்லை. அதை நண்பர் தெரிந்தேதான் தவிர்த்திருந்தார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கடினப் பவளங்கள் சேர்க்கப்பட்டதிலிருந்து, நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே இது முழுக்க முழுக்க மென்பவளங்களும் மஷ்ரூம், சோவா (கூட்டமாக வாழும் பூப்போன்ற சிறு உயிரிகள்) போன்றவையும் வாழும் தொட்டி. வெளிநாட்டு அறிவுரைகளில் பாதி, ‘கடினப் பவளத்தைக் காப்பாற்ற மென்பவளத்தை ஒழி’ என்ற நோக்கில் சொல்லப்படுபவை. இங்கே காப்பாற்ற வேண்டியதும் மென்பவளம், கட்டுப்படுத்த வேண்டியதும் மென்பவளம். அதனால் அவை அப்படியே பொருந்தவில்லை.

தொட்டி அமைத்த நான்காம் மாதத்தில் மூன்று காம்புகள் கொண்ட ஜீனியாத் துண்டும், உள்ளங்கை அகல ஜிஎஸ்பியும் பெங்களூரிலிருந்து வந்தன. நான் பார்த்த அன்று அவை வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கண்ணளவில் மதிப்பிட்டால் பாறைப் பரப்பில் பாதிக்கும் மேல் ஜீனியா. சம்ப்பின் பம்பு அறைக்குள்ளும், ஓட்டம் குறைந்த மூலைகளிலும் தனித்தனிக் குட்டிகள் துடித்துக்கொண்டிருந்தன. இவ்வளவு சிதறலாக அது எப்படிப் போனது என்று கேட்டபோதுதான் அதற்கு முந்தைய அக்டோபரில் நடந்தது வெளியே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுமை இழந்த நண்பர் கையை முழங்கை வரை விட்டு, தொட்டிக்குள்ளேயே ஜீனியாவில் பாதியைப் பிய்த்து எடுத்திருக்கிறார். பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. கரைந்த நச்சை உறிஞ்சும் கரி போடவில்லை. பிய்ந்த துண்டுகளில் கையில் சிக்கியவை வாளிக்குப் போயின, மற்றவை ஓட்டத்தோடு போயின. மூன்றாம் நாள் நீர் கஞ்சித் தண்ணீர் போல் கலங்கியது, அம்மோனியா 0.5 காட்டியது, ஒரு கார்டினல் இறந்தது, லெதர் பவளம் இரண்டு வாரம் திறக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து, துண்டு ஒட்டிய இடமெல்லாம் புதுக் கூட்டம். ஜீனியாவின் உடல் பெரும்பாலும் நீரும் சதையும்தான். நசுங்கினால் அழுகுவதற்கு நேரமாகாது. மேலும் மென்பவளங்கள் தங்களைக் காத்துக்கொள்ள டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் விடுகின்றன. ஜான் கால், பால் சம்மார்கோ ஆகியோர் 1980களில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் செய்த ஆய்வுகள், இத்தகைய பொருள்கள் அண்டையிலிருக்கும் பவளங்களைத் தொடாமலேயே பாதிக்கும் என்பதைக் காட்டின. ஆகவே அன்று லெதர் சுருங்கியதற்கு அம்மோனியா ஒன்றையே காரணமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பாதிக் கூட்டத்தை ஒரே நாளில் கிழித்தபோது 330 லிட்டரில் என்னென்ன கலந்திருக்கும் என்பதை அளக்க நம்மிடம் கிட் இல்லை.

நீர் எங்கிருந்து வந்தது

முதல் நாள் பரிசோதனையில் தொட்டி நீரில் உரம் போல் வேலை செய்யும் நைட்ரேட் லிட்டருக்கு 50 மி.கி., பாஸ்பேட் 0.4 மி.கி. மீனுக்குப் போடும் தீனி அதிகமில்லை. கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மரும் நன்றாகவே நுரை தள்ளியது. பிறகு இவ்வளவு எங்கிருந்து என்று தேடியபோது, சமையலறை ஆர்ஓ இயந்திரத்தில் வந்து நின்றோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பற்றி நம் பகுதியினருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதில் மிகுந்திருக்கும் ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. உப்புநீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பதும் ஃபுளோரைடைப் பற்றித்தான். ஆனால் இயல்பான கடல்நீரிலேயே லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மி.கி. ஃபுளோரைடு உண்டு, தொட்டியைப் பொறுத்தவரை அது நம் எதிரி அன்று. எதிரி நைட்ரேட். நண்பர் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) 1,140. சமையலறை இயந்திரத்திலிருந்து வந்த நீரில் 85. குடிப்பதற்குச் சுவை வேண்டும் என்பதால் அவ்வகை இயந்திரங்களில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற சிறு வால்வு இருக்கும். அது வடிகட்டிய நீரில் வடிகட்டாத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும். தவிர, ஆர்ஓ சவ்வு மற்ற உப்புகளைத் தடுக்கும் அளவுக்கு நைட்ரேட்டைத் தடுப்பதில்லை. அந்த 85 டிடிஎஸ் நீரைச் சோதித்தபோது நைட்ரேட் 12 மி.கி. இருந்தது.

இது சிறிய எண் போலத் தோன்றும். கோடையில் தொட்டியின் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டாமலிருக்க நண்பர் இரண்டு மின்விசிறிகளை நீர்ப்பரப்பின் மீது ஓட விடுகிறார். அதனால் நாளொன்றுக்கு ஏழு லிட்டர் ஆவியாகிறது. அதை ஈடுகட்ட ஊற்றும் ஏழு லிட்டரில் 84 மி.கி. நைட்ரேட், 330 லிட்டரில் பரப்பினால் நாளுக்கு லிட்டருக்கு 0.25 மி.கி.; மாதத்துக்கு ஏழரை மி.கி. நீர் ஆவியாகிப் போகிறது, கரைந்தது போவதில்லை. மூன்று கோடை மாதங்களில் ஒரு தீனித் துணுக்கும் போடாமலேயே இருபதுக்கு மேல் ஏறிவிடும்.

பிப்ரவரியில் தொட்டிக்கென்று தனி ஆர்ஓவும் அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ பிசினும் பொருத்தி, வெளிவரும் நீரில் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டுமாறு செய்தோம். சூன் மாதத்துக்குள் நைட்ரேட் 15க்கும், பாஸ்பேட் 0.12க்கும் இறங்கின. இறக்கத்தை வேண்டுமென்றே மெதுவாக வைத்தோம். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு மணிகளை நிறையப் போட்டு ஒரே வாரத்தில் பூஜ்யமாக்கினால், முதலில் வாடுவது மஷ்ரூமும் சோவாவும்தான். இனி நான் சொல்வது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: இந்த மாற்றத்தால் பாசி குறைந்தது, லெதர் தேறியது, ஆனால் ஜீனியாவின் பரவல் நின்றுவிடவில்லை. புதுக் காம்புகள் வரும் வேகம் சற்றுத் தணிந்தது, அவ்வளவே. பட்டினி போட்டே இதைப் பணியவைக்கலாம் என்ற நம்பிக்கை இந்தத் தொட்டியில் பொய்த்தது.

அதன் காரணத்தை அந்த உயிரியின் வாழ்முறையில் தேட வேண்டும். ஜீனியா தன் உணவில் பெரும்பங்கைச் சதைக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகளின் ஒளிச்சேர்க்கையிலிருந்தே பெறுகிறது. அந்தத் துடிப்பும் அதற்காகவே. செங்கடலின் ஏலாத் வளைகுடாவில் ஜீனியாவின் நெருங்கிய உறவான ஹெட்டெரோஜீனியாவை வைத்துச் செய்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, துடிப்பினால் பவளத்தைச் சுற்றியுள்ள நீர் கலக்கப்பட்டு, தேங்கும் ஆக்சிஜன் அகன்று ஒளிச்சேர்க்கை பல மடங்கு கூடுவதைக் காட்டியது. விளக்கு எரியும் வரை அதன் அடுப்பும் எரியும். விளக்கைக் குறைத்தால் அதற்கு முன் மற்றவை வாடும்.

கைவிட்ட இரண்டு வழிகள்

நான் போவதற்கு முன்பே நண்பர் கால்நடை மருந்துக் கடையிலிருந்து ஆட்டுக்குக் கொடுக்கும் பென்பெண்டசோல் குடற்புழு மாத்திரை ஒரு பட்டை வாங்கி வைத்திருந்தார். அது ஜீனியாவையும் ஜிஎஸ்பியையும் கொல்லும் என்பது பவளம் வளர்ப்பவர்கள் அனுபவத்தில் கண்டதுதான். ஆனால் இவை இரண்டும் எட்டுக் கை கொண்ட பவளங்கள். லெதரும் அதே வகுப்பு. எதைக் கொல்வது, எதை விடுவது என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. நத்தைகளும் பாறையில் வாழும் குழாய்ப்புழுக்களும் சேர்ந்தே போகும். பாறையின் நுண்துளைகளில் தங்கி நெடுநாள் வேலை செய்யும் என்பதால், பின்னர் வாங்கி வைக்கும் உயிர்களுக்கும் ஆபத்து. பட்டையைப் பிரிக்காமலே அடுத்த தெருவில் ஆடு வளர்ப்பவரிடம் கொடுத்துவிட்டோம். ஜீனியாவைத் தின்னும் மீனைத் தேடுவதிலும் காலம் செலவிடவில்லை; நம்பித் தின்னும் மீன் எதையும் நான் கண்டதில்லை, தின்னக்கூடிய சிலவும் லெதரை விட்டுவைக்கும் என்று உறுதியில்லை.

இரண்டாவது வழியை முன்வைத்தவர் நண்பரின் அம்மா. ஏப்ரலில், ஜிஎஸ்பி முற்றிலும் மூடிவிட்ட இரண்டு பாறைகளை வெளியே எடுத்து வாளியில் வைத்திருந்தோம். அவற்றைப் பார்த்தவர் உள்ளே போய்ப் பெரிய அலுமினிய அண்டாவை எடுத்து வந்து, “கொதிக்கிற தண்ணியில போட்டுட்டா அரை மணியில செத்துரும்பா, எதுக்கு இவ்ளோ பாடு?” என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் ஒரு பாறையின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறச் சோவாக்கள் ஏழெட்டு இருந்தன. சோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு உண்டு. ஹவாயில் கிடைத்த அவ்வகை உயிரியிலிருந்து 1971இல் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. இயற்கையில் அறியப்பட்ட மிகக் கடுமையான நச்சுகளில் ஒன்று. சோவா படிந்த பாறையை வீட்டில் கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பிற நாடுகளில் பதிவாகியுள்ளன. இதைச் சொன்னதும் அம்மா அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனது மட்டுமல்ல, அந்த வாளியையும் இனி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவிட்டார். அது நல்லதாயிற்று. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மொட்டைமாடியில் திறந்தவெளியில், ஒன்றுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த வீட்டு பிளீச்சில் பாறைகளை ஊறவைத்து, பலமுறை அலசி, ஏப்ரல் மே வெயிலில் ஆறு வாரம் காய விட்டோம். கிருஷ்ணகிரி வெயிலுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பிளீச் இருக்கும் வாளியில் ஆசிட் எதையும் ஊற்றக் கூடாது; அது குளோரின் வாயுவைக் கிளப்பும்.

ஜீனியாவைக் குறைத்த முறை

அக்டோபரில் ஒரே நாளில் செய்ததை நாங்கள் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்தோம். ஒரு நாளில் மொத்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொடுவதில்லை. முதலில் எல்லாப் பம்புகளையும் நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருப்போம். நீர் அசையாதபோது துண்டு ஓடாது. பன்னிரண்டு மில்லிமீட்டர் சைபன் குழாயின் வாயை ஒருவர் காம்பின் பக்கத்திலேயே பிடித்துக்கொள்ள, மற்றவர் நீண்ட இடுக்கியால் காம்பை அடிவேரில் பற்றி, இழுக்காமல், முறுக்குவார். முறுக்கினால் அடிச்சதையும் கூடவே பெயர்ந்து வரும். இழுத்தால் காம்பு நடுவில் அறுந்து, அடி பாறையிலேயே நின்றுவிடும். பெயர்ந்தது கைக்கு வருமுன் குழாய் விழுங்கிவிடும். மிஞ்சிய தடத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, அந்தத் தூளையும் உறிஞ்சி, கடைசியில் கால்சியம் ஹைட்ராக்சைடை நீரில் குழைத்த விழுதை ஊசியில்லாச் சிரிஞ்சால் அந்த இடத்தில் ஒரு பொட்டு வைப்போம். இதை நாம் நீற்றுச் சுண்ணாம்பு என்கிறோம்; ஆனால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை எடுத்துவிடக் கூடாது, அதில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. அந்த விழுதின் காரநிலை (pH) 12க்கு மேல். எனவே ஒரு நாளில் சில மில்லிலிட்டருக்கு மேல் வைப்பதில்லை. இருபது நிமிடம் கழித்துத்தான் பம்பு.

சைபனில் வெளியேறும் நாற்பது லிட்டரே அந்த வாரத்து நீர்மாற்றம். சம்ப்பில் 300 கிராம் கரியை வலைப்பையில் கட்டிப் போட்டு, நான்காம் நாள் மாற்றுவோம். இந்தப் பன்னிரண்டு வாரங்களில் அம்மோனியா ஒருமுறையும் தென்படவில்லை. லெதர் ஒருநாள் சுருங்கும், மறுநாள் திறக்கும். நடுவில் ஒரு வாரம், சுத்தம் செய்துவிட்ட பாறையில் ஜீனியாக் குட்டி ஒன்று இடம் மாறிக்கொண்டே இருப்பதாக நண்பர் தொலைபேசியில் சொன்னார். போய்ப் பார்த்தால் அது ஒரு ட்ரோகஸ் நத்தையின் முதுகில் இருந்தது.

கழிவுநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது லிட்டரில் ஒரு கிலோ நானூறு கிராம் உப்பு இருக்கிறது. நண்பர் அதை முதல் சில வாரங்கள் கொல்லையில் தென்னைக்கு ஊற்றியிருக்கிறார். தென்னை தாங்கிக்கொண்டது, பக்கத்து மாங்கன்றின் இலைநுனிகள் கருகின. இப்போது அது சாக்கடைக்குப் போகிறது. எடுத்த பவளத்துண்டுகள் வெயிலில் காய்ந்த பிறகே குப்பைக்குப் போகின்றன. நம் ஊரில் ஓடுவது நன்னீர். ஒரு துண்டும் பிழைக்காது. தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த உனோமியா என்ற ஜீனியாக் குடும்பப் பவளம் வெனிசுவேலாவின் மொச்சிமா கடற்பகுதியில் புகுந்து, அங்கிருந்த பவளப்பாறைகளையும் கடற்புல்லையும் மூடியிருக்கிறது. தொட்டி வணிகத்தின் வழியே வந்திருக்கலாம் என்றே கருதப்படுகிறது.

ஜிஎஸ்பியும் மல்ச்சிங் ஷீட்டும்

ஜிஎஸ்பி வேறு குணம். ஜீனியா தாவும், இது ஊரும். கண்ணுக்குத் தெரியும் பச்சைப் பாலிப்பு அல்ல விஷயம், அடியில் இருக்கும் ஊதாப் படலம்தான் விஷயம். கழனியில் கோரையை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் ஏறியது எளிதாகவே போயிற்று. காலாவதியான ஒரு பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பைப் படலத்தின் ஓரத்தில் செருகி, தோசையின் ஓரத்தைத் திருப்பியால் நெம்புவது போல் சுற்றிவர நெம்பினால், ஒன்றரை அடித் தகடு முழுதாக உரிந்து வந்துவிட்டது. பாறையில் அப்படி வராது. துளைகளுக்குள் படலம் இறங்கியிருக்கும். சுரண்டினால் மேலே வெள்ளையாகத் தெரியும், பத்து நாளில் துளைகளிலிருந்து ஊதாப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். எடுக்க முடிந்த இரண்டு பாறைகளை எடுத்ததும் அதனால்தான்.

எடுக்க முடியாத பெரிய நடுப்பாறைக்கு இருட்டைப் பயன்படுத்தினோம். தக்காளிப் பாத்தியில் விரிக்கும் மல்ச்சிங் ஷீட் நம் பகுதியில் எங்கும் கிடைக்கும். ஒருபுறம் வெள்ளி, மறுபுறம் கருப்பு. புதுச் சுருளிலிருந்து வெட்டி, நன்றாகக் கழுவி, கருப்பை உள்ளே வைத்து, உள்ளங்கை அகலத் திட்டு ஒன்றின் மீது போர்த்தி, மீன்பிடி நைலான் நரம்பால் தளர்வாகக் கட்டினோம். இறுக்கிக் கட்டினால் உள்ளே நீர் தேங்கி அழுகும். பத்தாம் நாள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோது பாலிப்புகள் உள்ளே போயிருந்தன, படலம் மட்டும் வாட்டமில்லாமல் ஊதாவாகவே இருந்தது. நண்பர் அன்றே கைவிட நினைத்தார். இருபத்துநான்காம் நாள் ஷீட்டை எடுத்தபோது படலம் ஊறிய தோல் போல் பழுப்பாகிப் பல்துலக்கிக்கே கழன்று வந்தது. நரம்பு தளர்ந்து ஒளி கசிந்த மூலையில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஊதா பிழைத்திருந்தது. அதன்மேல் நீருக்குள்ளும் இறுகும் எபாக்சி மாவை அழுத்தி மூடினோம். ஒரு திட்டு முடிந்த பிறகே அடுத்தது. மே தொடங்கி ஆகத்து வரை நான்கு திட்டுகள்.

கென்யா ட்ரீ என்ற மரம் போன்ற மென்பவளமும் இந்தத் தொட்டியில் உண்டு. அது உதிர்க்கும் கிளைகளை வாரம் ஒருமுறை இடுக்கியால் பொறுக்குவதோடு அதன் கதை முடிந்தது.

வரப்பு

ஆகத்தில் தொட்டியின் அமைப்பை மாற்றினோம். ஜிஎஸ்பிக்கு இடப்பக்க மணல்மேல் தனியாக ஒரு தட்டைப் பாறை; ஜீனியாவுக்கு வலப்பக்கம், ஓட்டம் வெளியேறும் திசையில் ஒரு பாறை. இரண்டுக்கும் நடுப்பாறைக்கும் இடையே எதுவும் ஒட்டாத வெறும் மணல். தீவு போல் மணலில் வைத்தால் போதும் என்று பலரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். மணலில் கிடந்த ஒரு சிறு கல்லைப் பற்றி, அதிலிருந்து அடுத்த கல்லைப் பற்றி ஜிஎஸ்பி நான்கு விரல் தூரம் நகர்ந்திருந்ததை செப்டம்பரில் பார்த்த பிறகு நம்பவில்லை. ஆகவே பாறையைச் சுற்றி ஐந்து செ.மீ. அகலத்துக்குக் கல்லைப் பொறுக்கிய வரப்பு ஒன்றை வைத்து, ஞாயிறுதோறும் அதைக் கிளறிவிடுகிறோம். ஓரம் தாண்டும் படலத்தை அட்டையால் வெட்டி எடுக்கிறோம். அதற்கு இருபது நிமிடம் ஆகிறது. நண்பர் இதை அறுவடை என்கிறார்; வெட்டிய துண்டுகளை ஓசூரில் இருக்கும் இன்னொரு வளர்ப்பாளருக்குக் கொடுத்து, பதிலுக்கு நீல மஷ்ரூம் வாங்கினார். கொடுக்கும்போது வரப்பின் கதையையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

நவம்பரில் கடைசியாகப் பார்த்தபோது லெதர் பவளம் மாலை வரை விரிந்திருந்தது. நடுப்பாறையில் ஜீனியா இல்லை. எபாக்சியின் ஓரத்தில் ஊதா நிறம் எதுவும் தெரியவில்லை. மாடியில் காய்ந்த பாறைகளில் ஒன்று, மூன்று வாரம் உப்புநீரில் ஊறிய பின் மீண்டும் தொட்டிக்குள் போயிருந்தது. மற்றது இன்னும் மாடியில்தான் இருக்கிறது. சோவா இருந்த பாறை என்பதால் அதை அம்மா கீழே இறக்க விடவில்லை. சம்ப்பின் மூடியைத் திறந்து பம்பு அறைக்குள் டார்ச் அடித்தேன். பின்சுவரில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஜீனியா, வெளிச்சம் பட்டதும் துடிப்பதைப் போலத் தோன்றியது. நண்பர் இடுக்கியை எடுத்து வந்தார். நான் பம்பை நிறுத்தினேன்.